செருப்புகளைக் காத்து நிற்கும் பெண்களும் குளிர்ந்த கடலும்



நம் குடும்பங்கள் கடற்கரைக்குச் செல்லும் ஒரு நாளை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். ஆண்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அலைக்குள் இறங்குவர். சிறுவர்கள் கூச்சலிட்டபடி பின்தொடர்வர். ஏழெட்டு வயது வரையிலான பெண்பிள்ளைகளும் ஆசை தீர நனைவர். அவர்கள் அனைவருடைய செருப்புகளையும் கைபேசிகளையும் துவாலைகளையும் தின்பண்டப் பைகளையும் காத்துக்கொண்டு, தாயும் வயது வந்த மகளும் மணலில் நிற்பர். காயல்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த எமக்கு இது மிகவும் பழகிய காட்சி. நம் உம்மாமார் கடற்காற்றை நன்கு அறிவார்கள். கடல்நீரை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களை யாரும் கைப்பிடித்துத் தடுத்ததில்லை. ஈரத்துணி உடலோடு ஒட்டிக்கொள்ளுமே, அதே கோலத்தில் எப்படி வீடு திரும்புவது என்ற கேள்விக்கு எவரும் விடை தேடித் தரவில்லை, அவ்வளவுதான்.

குளிர் மிகுந்த ஓர் அந்நியக் கடற்கரையில் அந்தக் கேள்விக்கு எங்களுக்கு ஒரு விடை கிடைத்தது. அதனைப் பகிர்ந்துகொள்ளவே இவ்வரிகள்.

நாங்கள் இருவரும் திருமணமாகி இருபது ஆண்டுகளைக் கடந்தவர்கள். வசிப்பது கிழக்கு லண்டனில். எங்களில் ஒருவர் கணக்காளர். மற்றவர் மாலை நேர மதரஸாவில் பெண்பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர். இந்த இருபது ஆண்டுகளில் நாங்கள் மேற்கொண்ட பயணங்கள் எல்லாம் ஊருக்கோ, திருமணத்திற்கோ, ஜனாஸாவிற்கோ, பிள்ளைகளுடன் உம்ராவிற்கோ ஆனவை. இருவர் மட்டுமாகச் சென்ற பயணம் என்று ஒன்றைக் கூறுமாறு கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. வீட்டில் எங்களுக்கிடையே நிகழும் பேச்சும் நாளடைவில் கால அட்டவணை போலாகிவிட்டிருந்தது. யார் பிள்ளையை அழைத்து வருவது, எந்தக் கட்டணம் எப்போது செலுத்துவது என்பவற்றைத் தாண்டி அது செல்வது அரிதாயிற்று.

இந்நிலையில் எமது மாணவி ஒருத்தியின் தந்தை ஒரு மாலையில் மதரஸாவிற்கு வந்தார். மகளுக்குப் பதினான்கு வயது. அவளுடைய பள்ளிக்கூடத்தில் மாணவிகளை கார்ன்வால் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, கூடாரத்தில் தங்கவைத்து, அலைச்சறுக்குப் பயிற்சி அளிக்கவிருக்கிறார்களாம். "அனுப்பலாமா, உஸ்தாதா? நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்" என்றார். அந்தச் சொல்லின் பாரம் எம்மை அழுத்தியது. நாம் ஒரு சொல் சொன்னால் ஒரு சிறுமியின் வாசல் திறக்கும் அல்லது மூடும். கண்ணால் காணாத ஒன்றைப் பற்றி அச்சத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு பதில் கூறுவது முறையன்று. ஆசையை மட்டும் ஆதாரமாகக் கொண்டு கூறுவதும் முறையன்று. இரண்டு வாரம் அவகாசம் கேட்டோம். வீட்டில் இதனைச் சொன்னபோது கணவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "ஈஸ்டர் விடுமுறையில் மதரஸா இல்லையே, நாமே போய்ப் பார்த்துவிட்டு வருவோமே" என்றார். பிள்ளைகளை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு, ஏப்ரல் மாதத்தின் ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம்.

லண்டனிலிருந்து போல்ஸெத் கடற்கரை 400 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வால் மாவட்டத்தின் வடகரையில், அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கித் திறந்திருக்கும் சிறு ஊர் அது. அடிமணல் மெல்லச் சரிந்து செல்வதால் அலைகள் தொலைவிலேயே உடைந்து, நுரையாக நீண்ட தூரம் உருண்டு வருகின்றன. புதிதாகக் கற்பவர்கள் இங்கு அதிகம் வருவதற்கு இதுவே காரணம். ஏப்ரலில் அக்கடலின் வெப்பநிலை ஏறத்தாழ 10 அல்லது 11 டிகிரி செல்சியஸ். மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பில் கால் நனைத்தவர்களுக்கு அது குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த நீர் என்று சொன்னால் புரியும்.

இங்கிலாந்தில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. பெரும்பாலும் நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். ஆகவே குன்றின் மேலிருந்த முகாம் மைதானம் ஒன்றில் இரண்டு இரவுகளுக்கு இடம் பதிவு செய்திருந்தோம். காற்று பலமாக வீசியது. கூடாரத்தின் வாயில் காற்றுக்கு எதிர்த்திசையில் அமைய வேண்டும், முளைகளைச் சாய்த்து அடிக்க வேண்டும் என்று பக்கத்துக் கூடாரத்து முதியவர் வந்து காட்டித் தந்தார். முதல் இரவில் வெப்பநிலை 5 டிகிரிக்கு இறங்கியது. அப்போதுதான் ஓர் உண்மை விளங்கிற்று: குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்தே அதிகம் வருகிறது. மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும், உடலின் சூட்டை நிலம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தடித்த விரிப்பே முதல் தேவை. போர்வை அதற்கு அடுத்ததுதான். காலையில் கூடாரத்தின் உட்புறம் மழை பெய்தாற்போல் நனைந்திருந்தது. அது எங்கள் இருவருடைய மூச்சுக்காற்றின் ஈரம். குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துவாரங்களை அடைத்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

சமையலுக்குச் சிறிய எரிவாயு அடுப்பு. அதனைக் கூடாரத்திற்கு வெளியேதான் மூட்ட வேண்டும். கூடாரத்தினுள் அடுப்பையோ கரியடுப்பின் கங்கையோ குளிர்காயக் கொண்டு செல்பவர்கள், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயுவால் உறக்கத்திலேயே உயிரிழந்ததுண்டு. குடும்பத்துடன் செல்ல நினைப்பவர்கள் இதனை மறந்துவிட வேண்டாம். நாங்கள் நொய்யரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் கலந்து ஒரு டப்பாவில் எடுத்துச் சென்றிருந்தோம். ரமளானில் மஃரிபுக்கு மட்டும் குடித்துப் பழகிய கஞ்சியை, காற்றில் சுடர் நடுங்கும் அடுப்பில் காய்ச்சி, இருவரும் ஒரே பாத்திரத்தில் குடித்தோம். அந்தச் சுவை இன்னும் நாவில் இருக்கிறது.

பயணத்தின் சலுகைகளை நாம் பாடமாகக் கற்பிக்கிறோம். அவற்றின் அருமை குளிரில்தான் முழுமையாகத் தெரிகிறது. எங்கள் ஷாஃபிஈ மத்ஹபின்படி ளுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதோம். உளூவுடன் அணிந்த தோற்காலுறையின் மீது, பயணிக்கு மூன்று பகல்களும் மூன்று இரவுகளும் ஈரக்கையால் தடவிக்கொள்ள அனுமதி உண்டு. எங்கள் பயணம் அந்த அளவுக்குள்ளேயே அடங்கியது. ஃபஜ்ரு வேளையில், பனியில் நனைந்த புல்லின் மேல் நின்று, பாதம் கழுவாமல் தடவி முடித்தபோது, ஒவ்வொரு சட்டத்திற்குள்ளும் எத்தனை இரக்கம் இருக்கிறது என்பதை உடலே ஒப்புக்கொண்டது. கிப்லா அங்கிருந்து தென்கிழக்கில், கடலோ மேற்கில். எங்கள் ஊரில் கடல் கிழக்கில், கிப்லா மேற்கில். ஆக இரண்டு இடங்களிலும் கடலுக்கு முதுகைக் காட்டி, அதன் ஓசையைக் கேட்டபடியே தொழுகிறோம்.

இனி, ஆடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றோர்களின் முதற்கேள்வி அதுதான்.

அந்தக் கடலில் ஆணாயினும் பெண்ணாயினும் எவரும் அரைகுறை ஆடையில் இறங்குவதைக் காணோம். குளிர் அதற்கு இடம் கொடுப்பதில்லை. கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் 'வெட்சூட்' எனும் தடித்த ரப்பர் ஆடை, காலுக்குக் காலணி, கைக்குக் கையுறை. வேண்டுவோருக்குத் தலையையும் கழுத்தையும் மூடும் உறை. 1950களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற கலிஃபோர்னிய இயற்பியலாளர், கடற்படையின் முக்குளிப்போருக்காக இதனை வடிவமைத்தார். நீரை உட்புகவிடாமல் தடுப்பதே வெப்பத்தைக் காக்கும் வழி என்று அதுவரை எண்ணியிருந்தனர். நியோப்ரீன் துணிக்குள் சிறைப்பட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகளே வெப்பத்தைக் காக்கப் போதும், உடல் நனைந்தாலும் கேடில்லை என்று அவர் கண்டார். பின்னர் சான்ஃபிரான்சிஸ்கோவில் கடை நடத்திய ஜாக் ஓ'நீல் போன்றோர் அதனை அலைச்சறுக்குக்காரர்களிடம் கொண்டு சேர்த்தனர்.

ஆயினும் இந்த ஆடை உடலோடு இறுகி ஒட்டுவது. மறைத்தல் என்பது நிறத்தை மறைப்பதோடு முடிவதில்லை. வடிவத்தையும் மறைக்க வேண்டும். ஆதலால் அதன்மேல் முழங்காலைத் தாண்டும் தளர்ந்த நீச்சல் அங்கி ஒன்றை அணிந்தோம். பயிற்சிப் பள்ளிக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிப் பெண் பயிற்றுநர் வேண்டும் என்று கேட்டிருந்தோம். மறுப்பின்றி ஏற்பாடு செய்தார்கள். அப்பெண்மணி எமது அங்கியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, பலகையின் கயிற்றில் சிக்காதபடி ஒரு முடிச்சுப் போட்டு, எல்லோருக்கும் கொடுக்கும் வண்ண மேற்சட்டையை அதன்மேல் மாட்டிவிட்டார். அதற்குமேல் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலையுறை அணிந்து நின்ற ஆண்களையும் பெண்களையும் பார்த்து, "இன்று ஊரே முக்காடிட்டிருக்கிறது" என்றார் கணவர். நீரை விட்டு வெளியேறியதும் உடை மாற்றுவதற்கென எல்லோரும் கணுக்கால் வரை தொங்கும் முக்காடு வைத்த தடித்த அங்கியைப் போர்த்திக்கொள்கிறார்கள். தொலைவிலிருந்து பார்த்தால், ஜும்ஆ முடிந்து ஜுப்பாவுடன் கலைந்து செல்லும் கூட்டம் போலவே இருந்தது.

பயிற்சி நீரில் தொடங்கவில்லை, மணலில் தொடங்கியது. முதல் பாடம் கடலைப் படிப்பது. சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி குளிப்பவர்களுக்கு உரியது. கறுப்பு வெள்ளைக் கட்டங்களுள்ள கொடிகளுக்கு இடைப்பட்டது பலகைக்காரர்களுக்கு உரியது. செங்கொடி ஏறினால் எவரும் இறங்கக் கூடாது. கொடிகளைக் காத்து நின்றவர்கள், 1824-இல் தொடங்கப்பட்டு மக்களின் நன்கொடையைப் பெரிதும் நம்பி இயங்கும் உயிர்காப்புப் படகு நிறுவனத்தின் காவலர்கள். அக்கரையில் ஓதம் ஏறி இறங்கும் உயரம், பெருக்கு நாட்களில் 6 மீட்டரையும் தாண்டும். நம் தூத்துக்குடிக் கரையில் அது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். காலையில் பரந்து கிடந்த மணல்வெளியின் பெரும்பகுதி பிற்பகலில் காணாமற்போவதைக் கண்டு நாங்கள் திகைத்தோம்.

இரண்டாவது பாடம் ஆபத்து. கரையிலிருந்து கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால், அதனை எதிர்த்து நீந்திக் களைத்துவிடக் கூடாது. பலகையை விடாமல் பற்றிக்கொண்டு, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலக வேண்டும். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். அப்போது கை கால்களை அடிக்காமல், தலையைப் பின்சாய்த்து மிதக்க வேண்டும். ஓரிரு நிமிடத்தில் அந்த அதிர்ச்சி தணியும். அதன்பிறகே நீந்துவதைப் பற்றியும் அழைப்பதைப் பற்றியும் எண்ண வேண்டும். இவற்றை அப்பெண்மணி எங்களிடம் மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தார். மனனம் செய்விக்கும் முறை எங்கு சென்றாலும் ஒன்றுதான் போலும்!

பின்னரே பலகை. பஞ்சுபோன்ற மேற்பரப்புடைய எட்டடிப் பலகையில் குப்புறப் படுத்து, கைகளால் நீரைத் தள்ளி, நெஞ்சுக்கருகே உள்ளங்கைகளை ஊன்றி, ஒரே எழுச்சியில் எழுந்து பக்கவாட்டில் நிற்க வேண்டும். மணலில் பத்து முறை எழுந்தோம். பத்து முறையும் கச்சிதமாக எழுந்தோம். கடலில் இடுப்பளவு நீரில் முதல் அலை வந்து தூக்கியபோது, மணலில் கற்ற அனைத்தும் மணலிலேயே தங்கிவிட்டது. உப்பு நீர் மூக்கில் ஏற, குளிர் கன்னத்தில் அறைய, எழுந்து பார்த்தால் கணவர் பத்தடி தள்ளித் தம் பலகையைத் தேடிக்கொண்டிருந்தார்.

நாற்பது வயதைக் கடந்தவர்கள் புதிதாக ஒன்றைக் கற்பது எளிதன்று. வீட்டிலும் பள்ளியிலும் நம்மை அறிந்தவர்கள் நாம் தடுமாறுவதைப் பார்ப்பதில்லை. கணவனும் மனைவியும்கூட ஒருவர் முன் ஒருவர் தேர்ந்தவர்களாகவே நின்று பழகிவிடுகிறோம். ஒருவர் கணக்கில் தேர்ந்தவர், மற்றவர் கிதாபில் தேர்ந்தவர். இங்கோ இருவரும் அலிஃப் அறியாத பிள்ளைகள். மதரஸாவில் ஓர் எழுத்தை நாற்பது முறை தவறாக உச்சரிக்கும் சிறுமியின் முகத்தில் தெரியும் வெட்கம், இப்போது எமது முகத்தில் இருந்தது. பயிற்றுநர் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. "காலைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கண் எங்கு செல்கிறதோ அங்குதான் உடலும் செல்கிறதாம். காலைப் பார்ப்பவர் காலடியிலேயே விழுகிறார்.

இரண்டாம் நாள் காலை, எண்ணிக்கை மறந்துபோன ஏதோ ஒரு முயற்சியில், பலகை காலுக்கடியில் உறுதிப்பட்டது. கரையிலிருந்த வெள்ளை வீடு ஒன்றின் மீது கண்ணை வைத்தபடி எழுந்து நின்றோம். மூன்று வினாடிகள் இருக்கலாம், நான்கும் இருக்கலாம். நுரை சீறும் ஒலியைத் தவிர வேறெதுவும் இல்லை. கரை தானாகவே நெருங்கி வந்தது. வாயிலிருந்து வந்த சொல் 'அல்லாஹு அக்பர்' என்பதை விழுந்த பிறகே உணர்ந்தோம். கணவருக்கு இரு நாட்களிலும் முழங்காலில் நிற்க மட்டுமே வாய்த்தது. அவர் களைத்துக் கரையேறிய பின்பும் எமது முறை தொடர்ந்தது. திரும்பிப் பார்த்தால், எமது அங்கியையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு, மணலில் அமர்ந்து கையசைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அத்தனை பெருமிதம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். அன்னை வென்றார்கள், ஆண்டுகள் கழித்து மீண்டும் ஓடியபோது நபியவர்கள் வென்றார்கள். இந்த ஹதீஸை நாம் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறோம். உம்மத்தின் சுமையனைத்தையும் தோளில் தாங்கியவர்கள், படையை முன்னே செல்லவிட்டு மனைவியுடன் ஓடினார்கள் என்பது அந்தக் கடற்கரையில் வேறொரு வெளிச்சத்தில் தெரிந்தது. அவ்வாறே, கடலில் பயணிப்போர் கூட்டத்தில் தம்மையும் சேர்க்குமாறு துஆ வேண்டிய உம்மு ஹராம் (ரலி) அவர்களையும் நினைத்துக்கொண்டோம். அவர்கள் கேட்டபடியே கடல் கடந்து சைப்ரஸ் சென்று அங்கேயே மறைந்தார்கள். லார்னகா நகருக்கு அருகே அவர்களது அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது. நம் வரலாற்றில் பெண்ணுக்கும் கடலுக்கும் பகையில்லை.

அன்றிரவு கூடாரத்தில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். கட்டணங்களைப் பற்றிய பேச்சே எழவில்லை. சிறுவயதில் குளத்தில் நீந்தக் கற்ற கதையை அவர் சொன்னார். இருபது ஆண்டுகளில் நாம் கேட்டிராத கதை அது. அண்டை வீட்டுச் சிறுமியர் நனைவதைப் பார்த்தபடி கரையில் அமர்ந்திருந்த பன்னிரண்டாம் வயதை நாம் சொன்னோம். அவர் கேட்டிராத கதை. சுக்குக் காப்பி ஆறிப்போனது யாருக்கும் நினைவில்லை.

லண்டன் திரும்பியதும் அம்மாணவியின் பெற்றோரை அழைத்தோம். கேட்டறிய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னோம். பயிற்றுநர் பெண்ணா? கூடாரங்களில் மாணவிகள் மட்டுமா, பொறுப்பாசிரியை உடனிருக்கிறாரா? ஆடையின் மேல் தளர்ந்த அங்கி அணிய அனுமதி உண்டா? உடை மாற்ற மறைவிடம் உண்டா? தொழுகைக்கு நேரமும் உண்பதற்கு ஹலால் உணவும் கிடைக்குமா? கடற்காவலர் பணியில் இருக்கும் பகுதியா? இத்தனைக்கும் பள்ளிக்கூடம் எழுத்தில் நல்ல பதில் தருமானால், தடுப்பதற்கு எமக்குக் காரணம் தெரியவில்லை என்றோம். உங்கள் குடும்பத்தின் நிலை வேறாயின், உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னோம். தந்தை குறித்துக்கொண்டார். தாய் அதுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. எழுந்து வாசல் வரை சென்றவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "உஸ்தாதா, பெரியவர்களுக்கும் அங்கே கற்றுத் தருவார்களா?" என்று கேட்டார்.

அன்புச் சகோதரர்களே! அடுத்த முறை குடும்பத்துடன் கடலுக்குச் செல்லும்போது, ஈரத்திற்குப் பின் போர்த்திக்கொள்ள ஒரு நீண்ட அங்கியையும், அணிந்து இறங்கத் தகுந்த தளர்ந்த ஆடையையும், கூட்டமில்லாத வேளையையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். பாதுகாப்பை அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பெண்களுக்கும் அல்லாஹ்வின் படைப்பில் பங்குண்டு; அந்தப் பங்கு அவர்களைச் சென்றடைவதற்குப் பெரும்பாலும் இந்தச் சிறிய ஏற்பாடுகளே போதுமானவை. சகோதரிகளே! உங்களுக்கு ஆசை இருக்குமானால் அதனை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களில் அன்பையும் இரக்கத்தையும் நிலைக்கச் செய்வானாக! ஆகுமான வழியில் மகிழ்ந்து, அவனுக்கு நன்றி செலுத்தும் அடியார்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.